சொல்லிவிட்டுப் போ

தம்பி,

வழக்கமாக நான் எழுதும் கடிதங்கள் உன் சுகத்தை விசாரித்துத்தான் தொடங்கும். இந்த முறை விசாரிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் அனுப்பிய குரல் பதிவிலேயே நீ சுகமாக இருப்பது தெரிந்துவிட்டது. பின்னால் கொழும்பு பஸ்களின் இரைச்சல், புது அறையின் மின்விசிறிச் சத்தம், நடுவில் உன் குரல். நான்கு தடவை கேட்டேன். முதல் தடவை, எனக்குத்தான் சரியாக விளங்கவில்லை என்று நினைத்தேன். நான்காவது தடவை கேட்டு முடித்ததும் போனை அரிசி டின்னின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பில் கருகிக்கொண்டிருந்த ரொட்டியைப் பார்த்தபடி நின்றேன். நீ சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன், பிறகு நான் கூட்டிச் சொன்னேன் என்று நீ சொல்லக் கூடாது. “அம்மா, வர்ற செவ்வாக்கிழமை நீங்க ஒரு எட்டு தோட்டத்துக்குப் போய், புஷ்பராணி அக்காகிட்ட நான் ட்ரெய்னிங் போயிருக்கேன், ரெண்டு மூணு வாரத்துல வந்துருவேன்னு சொல்லிருங்க. அப்பறம் மெதுவா அவங்களே பழகிக்குவாங்க. நேர்ல வந்து சொன்னா அவங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். சாவு வீட்டுல யாரும் சொல்லிட்டுக் கிளம்புறதில்லன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாய்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை உறையில் போட்டு ஒட்டாமல், யாரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன்னைப் போல் படித்துவிட்டு, மண்சரிவு நடந்த தோட்டங்களுக்கு மனசுக்கு மருந்து கொடுக்க வருகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். இழப்பில் உடைந்துபோனவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் மறுபடியும் சாப்பிடவும் உறங்கவும் பேசவும் துணை நிற்பது உன் தொழில். உளவளத்துணையாளர் என்று உன் அடையாள அட்டையில் போட்டிருந்ததை நான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். ஏழு மாதமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பத்து மணிக்கு நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாய். இப்போது கொழும்பில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்திருக்கிறது, போன வியாழக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாய். போனதற்காக எனக்குக் கோபம் இல்லை. மகன் முன்னேறக் கூடாது என்று எந்தத் தாயும் நினைக்க மாட்டாள். என் கோபம், போகிறேன் என்று சொல்லாமல் போனதற்கு. அதையும் யாரிடம் சொல்லாமல் போனாய் என்பதற்கு.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். முப்பத்தைந்து வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு, தெரிந்ததைத் திரும்பச் சொல்வதுதான் தொழில். மலை சரிந்து லயம், தோட்டத்து ஆட்களின் அந்த வரிசை வீடுகள், மண்ணுக்குள் போன அன்று, புஷ்பராணி காலும் இடுப்பும் உடைந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புருஷன் முன்னமே இறந்தவர். அவளுக்கு இருந்தது ஒரே மகள், ஒன்பது வயது நிரோஷா. அந்தப் பிள்ளையை மூன்றாம் நாள் எடுத்தார்கள். அன்றைக்கே அடக்கமும் செய்தார்கள். நான் ஒரு பிளாஸ்க்கில் ஹோர்லிக்ஸ் கரைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வார்டுக்கு வெளியே அவளுடைய அண்ணன் என்னை மறித்தார். “டீச்சர், அவ புள்ளைய கேட்டுக்கிட்டே இருக்கா. நாங்க கண்டி ஆஸ்பத்திரியில வச்சிருக்குன்னு சொல்லியிருக்கோம். எங்க மொகத்தப் பாத்து நம்ப மாட்டேங்குறா. நீங்க சொன்னா நம்புவா. ஒங்ககிட்ட படிச்சவதானே.” நான் யோசிக்கக்கூட இல்லை, தம்பி. நம் ஆட்களுக்கு இது பழகிய வழி. செத்துப்போனவரை முதலில் ஆஸ்பத்திரியில் வைப்போம், அப்புறம் கொஞ்சம் கடுமை என்போம், அப்புறம் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்து அவர்களே விளங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம். அதை அன்பு என்று நினைக்கிறோம். நான் உள்ளே போய் அவள் தலையைத் தடவி, “கண்டியில நல்ல டாக்டர்மார் இருக்காங்க. நீ மொதல்ல எழும்பி நடக்கப் பாரு” என்றேன். அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பதினெட்டு நாள் அந்தப் பொய் நின்றது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிஸ்கட்டுகளைச் சாப்பிடாமல் ஒரு சீலைத்துண்டில் முடிந்து வைத்திருந்தாள், பிள்ளைக்கு. பதினாறாம் நாள் கருமாதியை அண்ணன் முடித்தார், அதுவும் அவளுக்குத் தெரியாது. பிறகு காலில் மாக்கட்டோடு அவளை, வீடிழந்தவர்களைத் தங்க வைத்திருந்த பாடசாலை முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று பாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேர் பட்டியலோடு வந்திருந்த பெண்ணிடம் புஷ்பராணி ரெண்டு பாய் கேட்டாள். அந்தப் பெண் பட்டியலைப் பார்த்து, கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல், “ஒங்களுக்கு ஒரு ஆள்னுதானே போட்டிருக்கு” என்றாள். புஷ்பராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சனம் முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டது. யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கத்தவில்லை, அழவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: “மூணாம் வகுப்புலயும் திங்கக்கிழமை வாறேன்னுதானே சொன்னீங்க, டீச்சர்.”

அது என்னவென்று உனக்கு நான் சொன்னதில்லை. நீ பிறந்த வருடத்துக்கு முன்பு, அந்தத் தோட்டப் பாடசாலையிலிருந்து எனக்குப் பதுளைக்கு இடமாற்றம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். பிள்ளைகள் அழுவார்கள், என்னால் தாங்க முடியாது என்று, “எல்லாரும் வாய்ப்பாடு பாடமாக்கிட்டு வாங்க, திங்கக்கிழமை கேட்பேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அந்த வகுப்பில் புஷ்பராணி முதல் வரிசை. ஒரு மாதம் வரைக்கும் என் கதிரையை முறை வைத்துத் துடைத்தார்களாம், தினமும் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார்களாம். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. கீழேயிருந்து வருகிற ஆசிரியர்கள் அரைத் தவணையில் காணாமல் போவார்கள். அவர்களை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். நானும் அவர்களில் ஒருத்திதான் என்பதை முப்பது வருடம் கழித்து, ஒரு பாயை மடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தவள் எனக்கு ஞாபகப்படுத்தினாள். அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. யார் கொடுத்த சோற்றையும் உடனே தொட மாட்டாள். முகர்ந்து பார்ப்பாள், யாராவது சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பாள். பொய் சொல்லப்பட்டவள் சோற்றைக்கூட நம்ப மாட்டாள்.

நடந்ததை உனக்கு போன் பண்ணிச் சொன்னேன். பிறகு நீ கேட்டது ஒரே கேள்வி. “திரும்பவுமாம்மா?”

உன் அப்பா மொனராகலையில் வேலையில் இருந்தபோது மாரடைப்பில் போனார். உனக்கு ஏழு வயது. உன்னைப் பசறையில் உன் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, உன் சித்தப்பாவைக் கொண்டு கொள்ளி வைக்கச் செய்தேன். ஒரே மகன் நீ. கொள்ளி வைக்க வேண்டியவன், மொட்டை போட வேண்டியவன். சின்னப் பிள்ளை, பயந்துவிடும் என்று நானே முடிவு செய்தேன். யாரும் தடுக்கவில்லை, எல்லோரும் நல்ல தாய் என்றார்கள். உன்னிடம், அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நீ ஒவ்வொரு நாளும் பின்னேரம் மொனராகலை பஸ் வரும் நேரம் கடைத் திண்ணையில் போய் நின்றாய். மூன்று கிழமை. ஒருநாள் பாடசாலையில் உன் கூட்டாளி ஒருத்தன், “ஒங்கப்பா செத்துட்டாருல்ல, நீ ஏன்டா மொட்டை போடல?” என்று கேட்டிருக்கிறான். நீ வீட்டுக்கு வந்தாய். அழவில்லை, என்னைக் கேள்வி கேட்கவில்லை. புத்தகப் பையை வைத்துவிட்டு, “அம்மா, எனக்கு மொட்டை அடிச்சு விடுறீங்களா?” என்று மட்டும் கேட்டாய். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு சலூனுக்குப் போனேன். தலைமுடி விழ விழ நீ கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். இருபத்தைந்து வருடமாக அந்தக் கண்ணாடியை நான் மறக்கவில்லை. நீ இந்தத் தொழிலுக்குப் போனபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். கணக்கில் கெட்டிக்காரன், வங்கி வேலைக்குப் போயிருக்கலாமே என்றார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை.

இப்போது உன்னைப் பற்றி நல்லதும் எழுத வேண்டும். கோபத்தில் அதை விட்டுவிட்டால் நான் ஆசிரியையே இல்லை. உனக்கு முன்னால் முகாமுக்கு ஒரு கூட்டம் வந்தது. நாற்பது பேரை வட்டமாக உட்கார வைத்து, கையில் மைக்கைக் கொடுத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொருத்தராகச் சொல்லச் சொன்னார்கள். அழுதால் பாரம் குறையும் என்றார்கள். பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுத்து மண்சரிவை வரையச் சொன்னார்கள், வரைந்ததை போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பென்சிலையும் எண்ணித் திருப்பி எடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றைப் பாதிப் பிள்ளைகள் தொடவில்லை. புண்ணைக் கட்டாமல் திறந்து பார்த்துவிட்டுப் போகிறவனை நாம் வைத்தியன் என்று சொல்வோமா? அதே நேரம் தோட்டத்தில், இரண்டு கிழமை முடியவில்லை, காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு யாரும் வரவில்லை என்று பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். விரிசல் விட்ட மேட்டுக்குக் கீழே இருக்கிற மற்ற லயத்துக்கு மறுபடி குடியேறச் சொல்லி, கூடவே மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தைரியம் சொல்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளோடு வந்து அந்த மேட்டுக்குக் கீழே ஒரு மழைக்காலம் படுத்து எழும்பட்டும், பிறகு பேசலாம். இடிந்து விழப்போகிற இடத்தில் ஒரு தாயை உட்கார வைத்து, உன் பயம் உன் மனசில்தான் இருக்கிறது என்று சொல்வது வைத்தியம் இல்லை. நீ அதைச் சொல்லவில்லை. முதல் மாதம் முழுவதும் நீ மனசைப் பற்றியே பேசவில்லை. அவளுக்கு இடம் மாற்றிக் கொடுக்கச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாய். அப்படித்தான் அவளுக்குப் பழைய பிள்ளை மடுவத்தில் ஒரு அறை கிடைத்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடம் அது. சுவரில் இன்னும் யானைப் படம் இருக்கிறது. அதைப் பூசி மறைக்கவா என்று நீ அவளிடம் கேட்டாய், மற்றவர்கள் அவளுக்காக முடிவு செய்ய விடவில்லை. அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அதுதான் அவள் உனக்குச் சொன்ன முதல் பதில்.

அதற்கு முன்பு, முகாமில் முதல் நாள் நீ கதவுக்கு நேரே உட்காராமல், அவள் எழும்பி வெளியே போக நினைத்தால் வழி இருக்கும்படி ஒதுங்கி, அவளைவிடத் தாழ்வாக ஒரு பலகையில் உட்கார்ந்தாய். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உன்னைப் பார்க்காமலே கேட்டாள், “நீயும் பொய் சொல்ல வந்தியா?” நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. “இல்லக்கா. எனக்குத் தெரியாதத தெரியாதுன்னு சொல்லுவேன். வர முடியாதுன்னா வர முடியாதுன்னு சொல்லுவேன். செவ்வாக்கிழமை பத்து மணிக்கு வருவேன், பதினொரு மணிக்குப் போவேன்.” அவ்வளவுதான். கால் வலி எப்படி, ராத்திரி கக்கூசுக்குப் போக வெளிச்சம் இருக்கிறதா, இப்படித்தான் கேட்டாய். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு ஐந்தாவது செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. நீ பதினொரு மணிவரை இருந்துவிட்டு, “அடுத்த செவ்வா வாறேன்க்கா” என்று எழும்பி வந்தாய். பஸ்ஸில் உன்னிடம் நான் கேட்டேன், ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன பிரயோசனம் என்று. “சொன்ன நேரத்துக்கு ஒருத்தன் வாறான்னு அவங்க பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா. மத்தது அப்பறம்” என்றாய். முதல் தடவையாக நான் உன்னிடம் படித்தேன்.

ஆறாவது கிழமை மழை. தகரத்தில் மழை விழ விழ அவள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கினாள். நான் என்றால், பயப்படாதே, ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். அதுவும் ஒரு பொய்தானே. நீ அவளைத் தொடவில்லை. “அக்கா, இது இன்னைக்குப் பேயிற மழை. இன்னைக்குச் செவ்வாக்கிழமை. ஒங்க காலுக்குக் கீழ சீமெந்துத் தரை இருக்கு, அது எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க” என்றாய். “சில்லுன்னு இருக்கு” என்றாள். “எந்தக் காலுல சில்லுன்னு இருக்கு?” “நல்ல காலுல.” இப்படியே, சின்னப் பிள்ளைக்கு ஒன்று இரண்டு சொல்லிக் கொடுக்கிற மாதிரி, மழை விடும் வரைக்கும் அவளை அந்தத் தரையிலேயே நிற்க வைத்தாய். அதற்கு அடுத்த கிழமை, சரிந்த நாளைப் பற்றிக் கேட்காமல், “நிரோஷா எப்பிடிச் சாப்புடுவா?” என்று கேட்டாய். உயிரோடு இருந்த பிள்ளையைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதே இல்லை, செத்த பிள்ளையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அவள் உன் பக்கம் திரும்பினாள். “ரொட்டியில ஓரத்த மட்டும் கடிச்சுத் தின்னுட்டு, நடுவ எனக்கு வச்சிருவா. நான் நடுவத் தின்னே பழகிட்டேன்” என்றாள். அப்புறம் அழுதாள். மைக் இல்லாமல், வட்டம் இல்லாமல், யாரும் அழச் சொல்லாமல்.

பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று அவளாகக் கேட்கும்வரை நீ காத்திருந்தாய். கேட்டதும், போகும் முன்பே வழியைச் சொன்னாய். எத்தனை படி இறங்க வேண்டும், கல் இல்லை, ஒரு மூங்கில் கம்புதான் நட்டிருக்கிறது, புல் முளைத்திருக்கிறது, நடுவில் திரும்ப நினைத்தால் திரும்பலாம் என்று. முதல் தடவை அவள் பாதியில் திரும்பிவிட்டாள். நீயும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினாய். அவளுடைய அண்ணனுக்குத்தான் கோபம். “கருமாதியெல்லாம் முடிஞ்சு போச்சு, இனி எதுக்கு அங்க?” என்றார். “முடிஞ்சது ஒங்களுக்கு, மாமா. அக்காவுக்கு இன்னும் தொடங்கல” என்று நீ சொன்னாய். இரண்டாம் தடவை போனபோது ஒரு டம்ளரில் பால் கொண்டுபோனாள். சீலைத்துண்டில் முடிந்து வைத்திருந்த பிஸ்கட்டையும் கொண்டுபோனாள், நமத்துத் தூளாகிப் போயிருந்தது. நான் மேலே ரோட்டில் நின்றேன். அவள் குரல் மலையில் ஏறி வந்தது. வார்டில் நான் அடைத்து வைத்த குரல் அது. அன்றைக்குத் திரும்பி வரும்போது, ஏழு மாதத்தில் முதல் தடவையாக, என் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை.

இவ்வளவையும் செய்த நீதான், தம்பி, ட்ரெய்னிங் என்று சொல்லச் சொல்கிறாய். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை என்று நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது உண்மைதான். ‘போயிட்டு வாறேன்’ என்று சொன்னால் அந்த வீட்டுக்கு மறுபடி அதே காரியத்துக்கு வருவதாக ஆகிவிடும் என்று நம் ஆட்கள் சொல்லாமல் எழும்பி வருவார்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு அது சரி. அவர்கள் ஒரு நாள் வருகிறவர்கள். ஏழு மாதம், கிழமை தவறாமல், சொன்ன நேரத்துக்கு வந்தவனுக்கு அது பொருந்தாது. உன்னுடைய பயத்துக்குப் போர்த்திவிட என்னுடைய வழக்கத்தை இழுக்காதே. அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்கிறாய். அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவளுடைய கஷ்டத்தைத் தாங்க அவளால் முடியும் என்று எனக்குக் காட்டியவனே நீதானே. அன்றைக்கு வார்டுக்கு வெளியே நான் அவளுடைய அழுகைக்குப் பயப்படவில்லை, அதற்கு முன்னால் நிற்கப் பயந்தேன். உன்னைச் சித்தி வீட்டில் விட்டதும் அதே பயம்தான். எந்தப் பொய்யையும் மற்றவருக்காகச் சொல்கிறோம் என்றுதான் தொடங்குகிறோம். உன் குரல் பதிவிலும் அவளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம் என்று இரண்டையும் சொன்னாய். இரண்டாவதுதான் உண்மை. அதை முதலாவதுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய், அவ்வளவுதான்.

நேற்று செவ்வாய்க்கிழமை. நான் போனேன். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பிள்ளை மடுவத்து வாசலில் இரண்டு கதிரை போட்டிருந்தது. ஒன்றில் அவள், மற்றது உனக்கு. பிளேன்டீ ஊற்றி மூடி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தாள். “தம்பி பஸ்ஸ விட்டுட்டாரா, டீச்சர்?” என்று கேட்டாள். எனக்கு வாயில் வந்துவிட்டது, தம்பி. ட்ரெய்னிங் என்கிற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவ்வளவு பழக்கம். நான் அந்தக் கதிரையில் உட்காரவில்லை. படியில் உட்கார்ந்து சொன்னேன். “புஷ்பம், அவனுக்குக் கொழும்புல வேலை கெடைச்சிருச்சு. போயிட்டான். இனிமே செவ்வாக்கிழமை வர மாட்டான். ட்ரெய்னிங் போயிருக்கான்னு ஒனக்குச் சொல்லச் சொன்னான். நான் அதைச் சொல்லப் போறதில்ல.”

அவள் எழும்பி உன்னுடைய பிளேன்டீயை எடுத்துக் கொண்டுபோய், பின்பக்கம் ஊற்றிவிட்டு வந்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, கால் பெருவிரலால் சீமெந்துத் தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் சும்மா இருந்தேன். நீ கற்றுக் கொடுத்த மாதிரி, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. பதினொரு மணி ஆகும் சமயத்தில் சொன்னாள், “போறது தப்பில்ல, டீச்சர். எல்லாரும் போறவங்கதான். வர முடியாதுன்னா வர முடியாதுன்னு சொல்லுவேன்னு சொன்னாரே. அத மட்டும் வந்து சொல்லச் சொல்லுங்க.” கொஞ்சம் பொறுத்து, “திட்ட மாட்டேன்னு சொல்லுங்க. கொஞ்சம் திட்டுவேன்” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் எழுதப் போகிறேன், பலர் படிப்பார்கள், சம்மதமா என்று அவளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “எம் பேர மாத்திருங்க. புள்ள பேர மாத்தாதீங்க” என்றாள். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும், இங்கே புஷ்பராணி என்று எழுதியிருப்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. நிரோஷா என்பது நிரோஷாவின் பெயர்தான்.

நான் சொல்வதை இப்போது கவனமாகக் கேள். ஒரு நாள் லீவு போடு. திங்கட்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறினால் விடியும்போது பதுளையில் இறங்கலாம். அங்கேயிருந்து எட்டேகால் பஸ் பசறை வழியாக உன்னைப் பத்து மணிக்குள் கொண்டுபோய் விடும், உனக்கே தெரியும். கையில் ஒன்றும் வாங்கிக்கொண்டு போகாதே. பழமும் பிஸ்கட்டும் கொடுத்துத் தப்பிக்கப் பார்க்காதே. அந்த இரண்டாவது கதிரையில் உட்கார். ஏன் போகிறாய் என்று உண்மையைச் சொல். சம்பளம் கூட என்றால் சம்பளம் கூட என்று சொல், அவள் கொழுந்து பறித்துச் சம்பளம் வாங்கினவள், விளங்கிக்கொள்வாள். சொல்லாமல் போக நினைத்ததையும் சொல். உனக்குப் பதிலாக யார் வருவார், எப்போது வருவார், யாரும் வர மாட்டாரா, அதையும் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அவள் திட்டினால் கேட்டுக்கொண்டு இரு. அழுதால் பதினொரு மணி தாண்டினாலும் இரு. எழும்பும்போது பழக்கத்தில் ‘வாறேன்க்கா’ என்று வாயில் வரும். அதை விழுங்கிவிடு. ‘போறேன்’ என்பது நம் வாயில் யாருக்கும் வராத சொல்தான், வாசல்படியில் சொல்லவே கூடாது என்று உன்னை நானே அடித்துத் திருத்தியிருக்கிறேன். இருந்தாலும் அவளிடம் அதைச் சொல். “போறேன்க்கா” என்று சொல்.

பிறகு வீட்டுக்கு வா. சோறும் பருப்பும் ஆக்கி வைத்திருப்பேன். அப்போதும் நான் கோபமாகத்தான் இருப்பேன், அதற்காகச் சாப்பிடாமல் போகாதே. போன வியாழக்கிழமை வாசலில் நின்று, “அடுத்த மாசம் வாறேன்மா” என்று எனக்கும் சொன்னாய். சாப்பிட்டுவிட்டு, வருவாயா, மாட்டாயா என்று எனக்கும் சரியாகச் சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மா